பஞ்சிலும் மண்ணிலும் ஈரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பருத்தி ஜின்னிங் (விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் வேலை) குறித்து ஆராயும் வேளாண் பொறியாளர் ஒருவர், மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார்களையும் ஆராய்வதாகப் படித்தேன். ஆலைக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு?

பதில்: இரண்டு இடத்திலும் அவர் தேடுவது தண்ணீரைத்தான். மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதை வெற்றிடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணே ஒப்புமை விடுதிறன். நீருக்கு அது அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 80. காற்றுக்கு அது 1; உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை; உலர்ந்த பஞ்சுக்கும் ஒற்றை இலக்கம்தான். ஆகவே மண்ணிலோ பஞ்சிலோ சிறிதளவு நீர் சேர்ந்தாலும், அதனூடே செல்லும் மின்காந்த அலையின் வேகம் குறைகிறது. அந்தத் தாமதத்தை அளந்து ஈரத்தைக் கணக்கிடலாம். டாப், டேவிஸ், அன்னான் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் மண்ணுக்காக 1980-இல் வெளியிட்ட சமன்பாடு இந்த அடிப்படையில் அமைந்ததே. இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது.

ஆனால் அலையைத் தாமதப்படுத்துவது நீர் மட்டுமன்று. பேலில் (பஞ்சுப் பொதியில்) பஞ்சை இறுக்கி அழுத்தினால், அலையின் பாதையில் இழையும் அதிலுள்ள நீரும் மிகுந்து, ஈரப்பத விகிதம் மாறாமலேயே தாமதம் கூடும். அதனால்தான் நுண்ணலைக் கருவிகளில் தாமதத்தோடு அலை வலுவிழக்கும் அளவையும் சேர்த்து அளந்து, அடர்த்தியின் பங்கைத் தனியே பிரிக்க முயல்கிறார்கள். ஈரத்தை உணரும் கருவியைச் செய்வது கடினமன்று. ஈரம்போல் தோன்றும் பிறவற்றை விலக்குவதே இத்துறையின் உண்மையான உழைப்பு என்பது என் கருத்து.

கேள்வி: ஜின்னிங்கில் ஈரப்பதம் சற்று முன்பின் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: நிறையவே கெடும். பருத்தி இழை, ஈரம் கூடும்போது வலுக்கூடும் இயல்புடையது. விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் இடத்தில் ரம்பப் பற்கள் இழையைப் பற்றி இழுக்கின்றன. அப்போது ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் இழைகள் அதிகமாக அறுந்து, நீளம் குறைந்த இழைகள் பெருகுகின்றன, நூற்பாலைக்கு அது நேரடி இழப்பு. ஈரம் மிகுந்தாலோ பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு எந்திரத்தை அடைக்கும். இலைத்தூசியும் எளிதில் நீங்காது. 6 முதல் 7 சதவீதம் வரை நல்ல அளவு எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஜின்னிங்குக்கு முன் பருத்தியைச் சூடான காற்றில் காயவைக்கும் உலர்த்தியின் வெப்பநிலை எக்காரணம் கொண்டும் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. காய்ந்து வந்த பருத்தியையும் ஈரமாக வந்ததையும் ஒரே சூட்டில் ஓட்டும் வழக்கம், நல்ல பஞ்சை வீணாக்கும் வழக்கம். ஓடும் பருத்தியின் ஈரத்தை நொடிக்கு நொடி அளந்து சூட்டைக் குறைக்கவோ கூட்டவோ செய்யும் கட்டுப்பாடு இருந்தால் இழையும் எரிபொருளும் மிஞ்சும்.

கேள்வி: என் நிலத்தில் உவர்த்தன்மை உண்டு. பதித்துள்ள சென்சார், மண் காய்ந்து தெரியும்போதும் ஈரம் மிகுதி எனக் காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. மண்ணில் உப்பு மிகும்போது மின்கடத்துதிறன் கூடுகிறது. குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான சென்சார்கள் அதையும் ஈரமாகவே எண்ணிக் கணக்கிடுகின்றன. அதிர்வெண் உயர உயர இந்தப் பிழை குறையும். களிமண்ணில் துகளோடு இறுகப் பிணைந்த நீர் வேறுவிதமாக நடந்துகொள்வதால், அங்கும் பொதுவான சமன்பாடு பிசகக்கூடும். மாறாக, ஈரமாகத் தெரியும் மண்ணில் அளவு குறைவாகக் காட்டினால், சென்சாரின் கம்பிகளைச் சுற்றி மண் விலகிக் காற்றிடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படியும் உங்கள் மண்ணுக்கே அளவுத்திருத்தம் செய்துகொள்ளுங்கள். சென்சாருக்குப் பக்கத்தில், கொள்ளளவு தெரிந்த உருளையால் மண்ணை எடுத்து எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். குறைந்த எடையை கிராமில் எடுத்து, உருளையின் கன சென்டிமீட்டர் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பதே, சென்சார் காட்ட வேண்டிய கனஅளவு ஈரம், அதாவது மண்ணின் மொத்தக் கொள்ளளவில் நீரின் பங்கு. மண் காய்ந்திருக்கும்போதும் நனைந்திருக்கும்போதும் இதைச் செய்து, இரண்டு அளவுகளையும் சென்சார் காட்டியவற்றோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.