மூலவியாதிதானே என்று பொறுத்திருக்கலாமா? பெருங்குடல் பரிசோதனை பற்றி ஒரு ரீச்சரின் கேள்வி

கேள்வி: எனக்கு 54 வயது. கொக்குவிலில் இருக்கிறேன், ஆசிரியை. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு 52 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறார். லண்டனில் உள்ள தங்கைக்கு 50 வயது முடிந்ததும், மலம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு சின்னப் போத்தல் தபாலில் வந்ததாம். எனக்கும் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். இங்கே இதையெல்லாம் எங்கே செய்வது? குழாய் விட்டுப் பார்ப்பது நோகுமா? ஆஸ்பத்திரியில் நிற்பவர்கள் என்னிடம் படித்த பிள்ளைகளாக இருந்துவிட்டால் என்ற வெட்கமும் இருக்கிறது. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறை வரை பொறுக்கலாமா? மற்றபடி ஒரு வருத்தமும் இல்லை. இடைக்கிடை ரத்தம் படும். அது மூலவியாதி, கனகாலமாக இருக்கிறது.

பதில்: ரீச்சர், உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகள் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூலவியாதி என்று யார் சொன்னது? ஒரு வைத்தியர் கையுறை போட்டு விரலால் பார்த்துச் சொன்னாரா, அல்லது நீங்களே முடிவு கட்டியதா? இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மலத்தோடு ரத்தம் போகும் பெரும்பாலானோருக்கு அது உண்மையில் மூலவியாதிதான். ஆனால் மூலவியாதி உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்று ஒரு விதியும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். 'பச்சை ரத்தம்தான், கறுப்பாக இல்லை' என்று ஆறுதல் அடைபவர்களும் உண்டு. மலக்குடலில், அதாவது குடலின் கடைசிப் பகுதியில் வரும் கட்டியிலிருந்தும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம்தான் வரும். நிறத்தை வைத்து வீட்டில் இருந்தபடி பிரிக்க முடியாது. வருடக்கணக்காகக் களிம்பு பூசி, நாட்டு மருந்து குடித்து, கடைசியில் ரத்தசோகையோடு வந்து படுப்பவர்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. முதல் வருடமே வந்திருந்தால் சின்ன வைத்தியத்தோடு முடிந்திருக்கக்கூடியது அது.

ஆகவே ஓகஸ்ட் வரை பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். குழாயில் கமரா விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் கிடைப்பது பிந்தலாம், அது வேறு விஷயம். விரலால் பார்ப்பதும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதும் முதல் சந்திப்பிலேயே தொடங்கலாம்.

அடுத்தது தங்கையின் போத்தல். அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டி தானாக வீட்டுக்கு வரும். அது அவருடைய பெயரில் பதிந்தது, அங்கேயுள்ள ஆய்வுகூடத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். உங்கள் மலத்தை அதில் எடுத்து யாரோ லண்டன் போகிறவரிடம் கொடுத்துவிட்டால், போய்ச் சேர்வதற்குள் வெக்கையில் ரத்தக்கூறு சிதைந்து, இருக்கிற ரத்தத்தையும் இல்லை என்று காட்டிவிடும்.

அந்தப் பரிசோதனையின் பெயர் 'ஃபிட்'. கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை மலத்தில் தேடுவது. இலங்கையில் பெருங்குடலுக்கு அப்படி வீடு தேடி வரும் திட்டம் இல்லை, நாங்களாகப் போய்க் கேட்க வேண்டும். வருத்தம் எதுவும் இல்லாத, குடும்பத்திலும் ஒருவருக்கும் இல்லாத 50 வயதுக்காரர் கேட்டால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். செய்விக்கும்போது மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் பழைய முறையா, ஃபிட்டா என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். பழைய முறையில் இறைச்சி சாப்பிட்டாலும் சில மரக்கறி சாப்பிட்டாலும் முடிவு பிழைக்கும். ஃபிட் மனித ரத்தத்தை மட்டுமே பிடிப்பதால் பத்தியம் தேவையில்லை.

மலம் எடுப்பதில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுவார்கள். அங்கே தரும் விளக்கப் படங்கள் எல்லாம் கொமட்டுக்கு ஏற்றவை, எங்கள் பல வீடுகளில் குந்தி இருக்கும் மலசலகூடம். மலம் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக் கூடாது. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றையோ, மடித்த பத்திரிகைத் தாளின் மேல் ஒரு பொலித்தீன் பையையோ கீழே வைத்து அதில் பிடிக்கலாம். போத்தல் மூடியோடு சேர்ந்த குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அதை மலத்தின் மேல் நாலைந்து இடத்தில் சுரண்டினால் போதும், பள்ளம் நிரம்பும் அளவே தேவை. கூடப் போட்டால் நல்லது என்று அள்ளித் திணிக்க வேண்டாம், அது முடிவைக் கெடுக்கும். மூடி, திகதி எழுதி, அன்றைக்கோ அடுத்த நாளோ கொடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

ஃபிட்டில் ரத்தம் இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அடுத்த படி கமராதான். இங்கே பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு: வேறொரு ஆய்வுகூடத்தில் இன்னொரு முறை செய்து, அங்கே இல்லை என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டி தினமும் ரத்தம் கசியாது. கசியாத நாளில் எடுத்தால் இல்லை என்றுதான் வரும்.

சரி, இப்போது உங்கள் விஷயம். அண்ணாவுக்கு 60 வயதுக்கு முன்னமே வந்திருக்கிறது, அவர் உங்கள் கூடப்பிறந்தவர். பல நாட்டு வழிகாட்டல்கள் இப்படியானவர்களுக்கு 40 வயதிலிருந்தே கமராப் பரிசோதனையைச் சொல்கின்றன. அதோடு ரத்தமும் படுகிறது. ஃபிட் செய்து இல்லை என்று வந்தாலும் நான் உங்களை விட மாட்டேன். உங்களுக்கு வேண்டியது அந்தக் கமராப் பரிசோதனை, அதாவது கொலனோஸ்கோபி.

யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள், காசில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு வாங்கிக்கொள்ளலாம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதானால் மொத்தச் செலவை முன்கூட்டியே கேளுங்கள். குடலில் சின்னத் தசைத்துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் அதற்கு வேறாக அறவிடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கே போனாலும் இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ரத்தம் படுகிறது, அண்ணாவுக்கு 52 வயதில் வந்தது. இந்த இரண்டும் உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டால்தான் உங்களுக்கு எவ்வளவு அவசரம் என்பது அவர்களுக்குப் புரியும்.

கொலனோஸ்கோபியில் கஷ்டமான பகுதி குழாய் அல்ல, அதற்கு முதல் நாள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் கமரா எதையும் காணாது, திரும்ப ஒரு நாள் வரச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளைக்கு முன்னமே கீரை, முருங்கைக்காய், குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, பனங்கிழங்கு, ஒடியற்கூழ், கொய்யாப்பழம் போன்ற நாரும் விதையும் உள்ளதெல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள். வெள்ளைச் சோறு, பாண், வெள்ளை மா இடியப்பம், மீன், முட்டை, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு சாப்பிடலாம். முதல் நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம்: பிளேன்ரீ, இளநீர், வடித்த சூப். பால் கூடாது. சிவப்பு நிறப் பானமும் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

பேதி மருந்து பொடியாக வரும், லீற்றர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. உப்புச் சுவை. குளிரவைத்து, தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் என்று குடித்தால் இறங்கும். பாதியை முதல் நாள் பின்னேரமும் மீதியைப் பரிசோதனை அன்று விடியவும் குடிக்கச் சொல்வார்கள். நல்லாத்தான் போய்விட்டதே என்று அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவோர் பலர். அதை விட்டால் குடலின் வலப் பக்கம் அழுக்காகவே இருக்கும். கடைசியில் போவது வெளிறிய மஞ்சள் தண்ணீராக, கீழே ஒன்றும் படியாமல் இருக்க வேண்டும். கக்கூசு வளவின் பின்பக்கம் இருந்தால் வழியில் லைற் எரிகிறதா, நிலம் வழுக்குமா என்று பகலிலேயே பார்த்துவையுங்கள். இரவில் ஓடி ஓடிப் போய் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். தோல் எரியாமல் இருக்க முதலே வஸலீனோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொள்ளுங்கள்.

சீனிக் குளிசை பற்றித் திகதி தரும்போதே கேளுங்கள். சாப்பாடில்லாத நாளில் வழமையான அளவைப் போட்டால், முக்கியமாக கிளிக்கிளசைட், இன்சுலின் போன்றவற்றில் சீனி தாழ்ந்து மயக்கம் வரலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகையைச் சில நாள் முன்னமே நிற்பாட்ட வேண்டியிருக்கும். தலைசுற்றி வேர்த்தால் சீனி போட்ட பிளேன்ரீ குடிக்கத் தடையில்லை. இரும்புச் சத்துக் குளிசை எடுப்பவர்கள் ஒரு கிழமைக்கு முன் விட வேண்டும், அது குடலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். வாஃபறின், குளோப்பிடோகிறெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசைகளை ஒருவரும் தன்பாட்டில் நிற்பாட்ட வேண்டாம். அவற்றை எழுதித் தந்த வைத்தியர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். பிரஷர் குளிசையைப் பெரும்பாலும் வழமைபோல ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பின்பக்கம் திறந்த அங்கி ஒன்றைத் தருவார்கள். கையில் ஊசி ஏற்றி, இடப் பக்கம் சரித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடிக்கச் சொல்வார்கள். மயக்க ஊசி என்று சொன்னாலும் முழு மயக்கம் அல்ல, அரைத் தூக்கம். குழாய் சுட்டுவிரல் பருமன். குடலை விரிக்கக் காற்று விடும்போது வயிறு ஊதும், திருப்பங்களில் கொஞ்சம் பிடித்து வலிக்கும். தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், நிற்பாட்டி மருந்து கூட்டுவார்கள். பொதுவாக அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். உள்சுவரில் பாலுண்ணி போல ஏதும் இருந்தால் அந்த இடத்திலேயே எடுத்துவிடலாம், அது நோகாது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய் இந்த உண்ணிகளில் இருந்துதான் பல வருடம் எடுத்து மெல்ல உருவாகிறது. அதனால்தான் இந்தப் பரிசோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். நோயைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், வர இருப்பதைத் தடுக்கவும் செய்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடலில் துளை விழுவது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவர் அளவில். உண்ணி எடுத்த இடத்தில் ரத்தம் கசிவது அதைவிடக் கூட, அது இரண்டு கிழமை கழித்தும் வரலாம். வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெட்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்தவருக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே நிற்காமல் இராது, உண்மைதான். திகதி எடுக்கும்போதே தாதியிடம் சொல்லுங்கள்: தெரிந்த ஆள் வேண்டாம் என்றோ, பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்றோ. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, பலர் கேட்கிறார்கள். உங்களைத் துணியால் மூடித்தான் வைத்திருப்பார்கள், அறையில் நிற்பவர்களின் கண் திரையில்தான் இருக்கும். அப்படியும் ஒரு பழைய மாணவி நின்றுவிட்டால், தன் ரீச்சரை அவள் கூடுதல் கவனமாகப் பார்த்துக்கொள்வாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ் வேண்டாம், கூட ஒருவர் வந்து ஓட்டோவில் கூட்டிப்போகட்டும். 24 மணி நேரத்துக்கு ஸ்கூட்டி ஓடவோ, காணி உறுதி போன்ற எதிலும் கையெழுத்து வைக்கவோ கூடாது. மருந்தில் நீங்கள் தெளிவாக இருப்பது போலத்தான் உங்களுக்குத் தோன்றும். வைத்தியர் சொன்னதும் மறந்துபோகும், ஆகவே கூட வந்தவரும் இருந்து கேட்கட்டும். தசை எடுத்திருந்தால் ரிப்போர்ட் எப்போது, எந்த அறையில் வாங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் அண்ணாவின் கதையால் ஐந்து வருடத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். ஏதும் இருந்தாலும், ஆரம்பத்தில் பிடிபட்ட பெருங்குடல் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போகுமுன் அண்ணாவிடம் ஒன்று கேளுங்கள். ஒப்பரேஷனில் எடுத்த கட்டியின் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய நோய் பரம்பரையில் வரும் வகையா என்று அங்கே பரிசோதித்திருந்தால் அதில் இருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்கும் தங்கைக்கும் திட்டமே மாறும். தங்கையும் போத்தலோடு நிற்காமல் அண்ணாவின் விஷயத்தைத் தன் குடும்ப வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அண்ணாவின் பிள்ளைகள் 40 வயதிலேயே தொடங்க வேண்டியவர்கள், அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.