பதினெட்டு வயசுல ஏன் கிளம்புறாங்க? மார்மன் பசங்களைப் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல அமெரிக்காவோட யூட்டா மாநிலத்தைப் பத்தி எழுதும்போது, வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு பேட்ஜோட ஜோடி ஜோடியா திரியுற மார்மன் (அமெரிக்காவுல பொறந்த ஒரு கிறிஸ்தவ சபை) மிஷனரிப் பசங்களைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதம் பூரா அந்த ரெண்டு வரியைப் பத்திதான், மத்ததை ஒருத்தரும் கண்டுக்கல. சரி, இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிடலாம்.

கேள்வி: காலேஜ் போற வயசுல படிப்பை நிறுத்திட்டு, காதலிக்கிற பொண்ணை விட்டுட்டு, சம்பளமும் இல்லாம ரெண்டு வருஷம் கதவு கதவா தட்டிட்டு அலையுறாங்கன்னா நம்பவே முடியல சார். அந்தப் பசங்களே விரும்பித்தான் போறாங்களா, இல்ல வீட்ல தள்ளி விடுறாங்களா?

ரெண்டும்தான்னு சொன்னா மழுப்புறேன்னு நினைப்பீங்க, ஆனா ரெண்டும்தான்.

மொதல்ல தள்ளி விடுற பக்கத்தைப் பாப்போம். இந்த சபையில (முழுப் பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மார்மன்னு கூப்பிடாதீங்கன்னு அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 2018-லயே கேட்டுக்கிட்டாரு, எழுதுற வசதிக்கு நான் பழைய பேரையே வெச்சுக்குறேன், மன்னிக்கணும்) பொறந்து வளர்ற பையனுக்கு மிஷன் போறதுங்குறது திடீர்னு 18 வயசுல வர்ற யோசனை இல்ல. குழந்தைங்க வகுப்புலயே அதைப் பத்தி பாட்டுப் பாடி வளர்றான், உண்டியல்ல அதுக்குன்னு காசு சேக்குறான், அப்பா எங்க போனாரு, அண்ணன் எங்க போனாருன்னு கதை கேட்டு கேட்டு வளர்றான். ஹைஸ்கூல் நாலு வருஷமும் செமினரின்னு ஒரு வேத வகுப்பு இருக்கு. யூட்டாவுல ஸ்கூல் நேரத்துக்கு நடுவுலயே போயிட்டு வரலாம், மத்த பல ஊர்கள்ல விடியக்காலைல ஸ்கூலுக்கு முன்னாடியே எழுந்து ஓடணும். அதுக்கு மேல, தகுதியுள்ள ஒவ்வொரு இளைஞனும் மிஷன் போகணும்னு 1974-ல சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் சொன்னாரு. அதுலேந்து ஆம்பளைப் பசங்களுக்கு அது கடமைன்னே ஆகிப்போச்சு. பொண்ணுங்க கிட்டயும் மிஷன் முடிச்ச பையனா பாத்து கட்டிக்கோன்னு சொல்லி வளர்க்குற வீடுகள் நிறைய. இவ்வளவுக்கு நடுவுல ஒரு பையன் நான் போகலன்னு சொல்லணும்னா அதுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி வேணும்.

இதோட நிறுத்திட்டா பாதி உண்மைதான். அந்த மதத்தோட ஆரம்பமே ஒரு சின்னப் பையனோட கேள்விதான். 1820-ல நியூயார்க் மாநிலத்துல பால்மைரா பக்கத்துல 14 வயசு ஜோசப் ஸ்மித் எந்த சபை சரின்னு குழம்பிப்போய் தோப்புக்குள்ள போய் நேரா கடவுள் கிட்டயே கேட்டான், பதில் கிடைச்சுதுங்குறதுதான் அவங்க நம்பிக்கையோட அஸ்திவாரம். அதனால குழந்தைங்க கிட்டயும் அப்பா சொன்னாரு, பாதிரி சொன்னாருன்னு நம்பாதே, நீயே படிச்சுப் பாத்து ஜெபம் பண்ணி கேட்டுக்கோன்னுதான் சொல்லுவாங்க. இப்ப 18 வயசுப் பையன் ஒருத்தன், சொல்லிக் கொடுத்ததெல்லாம் வாயில இருக்கு, ஆனா உள்ள அந்த பதில் இன்னும் வரல, வெளிய சொல்லவும் முடியல. மிஷன் போனா தெரிஞ்சிடும்னு போறவங்க கணிசமா இருக்காங்க. ஊருக்கு நம்பிக்கையை எடுத்துட்டுப் போறோம்னு பேரு, ஆனா தனக்கே அது இருக்கான்னு பாக்கத்தான் போறான்.

இன்னொரு ரகம், நெஜமாவே முழுசா நம்புறவன். கோயில்ல சீல் பண்ணின (சடங்கு செஞ்சு நிரந்தரமா இணைச்ச) குடும்பம் செத்தப்புறமும் பிரியாதுன்னு அவன் நம்புறான், அப்படி ஒரு செய்தி கையில இருக்குறப்ப சொல்லாம இருக்க முடியாதுல்ல. சபைக்கு புதுசா வந்த குடும்பத்துப் பசங்க, யாரோ ஒரு மிஷனரி எங்க வீட்டுக் கதவைத் தட்டினதாலதான் எங்க அம்மா குடியை விட்டாங்கங்குற மாதிரி ஒரு நன்றிக்கடனோட போவாங்க. ஐடஹோவுல ஏதாவது உருளைக்கிழங்கு பண்ணையிலேந்து தப்பிச்சா போதும்னு போறவனும் உண்டு, அவனையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டா, போறதா வேணாமாங்குறதுல அந்தப் பசங்களுக்கு சாய்ஸ் கம்மி. எதுக்காகப் போறேன்ங்குறதுல மட்டும் அவனவனுக்கு நிறைய இருக்கு, அந்தக் காரணமும் போன இடத்துல நடுவழியில மாறிடும்.

கேள்வி: எந்த நாட்டுக்குப் போகணும்னு அவங்களே முடிவு பண்ணலாமா? செலவு யாரு?

முடிவு பண்ண முடியாது, பிடிச்ச நாடு எதுன்னு கேக்கவும் மாட்டாங்க. டாக்டர் சர்ட்டிபிகேட், பல் டாக்டர் சர்ட்டிபிகேட், உள்ளூர் பிஷப் இன்டர்வியூ, அதுக்கு மேல ஸ்டேக் பிரசிடென்ட், அதாவது பல உள்ளூர் சபைங்களுக்குத் தலைவர், அவரோட இன்டர்வியூ (ஒழுக்கம், குடி, எல்லாம் கேப்பாங்க), இதெல்லாம் முடிஞ்சு விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். அங்க சபைத் தலைமையில இருக்குற பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்ல ஒருத்தர் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து பையனோட போட்டோவையும் விவரத்தையும் பாத்து, ஜெபம் பண்ணி, உலகம் முழுக்க இருக்குற 400-க்கு மேலான மிஷன்கள்ல (ஊழியப் பகுதிகள்ல) ஒண்ணை ஒதுக்குவாரு. அந்த ஒதுக்கீடு கடவுள் சொன்னதுன்னு நம்புறாங்க.

அந்த அழைப்பு வர்ற நாள்தான் இதுல செம சுவாரசியம். முன்னல்லாம் தபால்ல பெரிய வெள்ளைக் கவர் வரும், 2018-லேந்து ஆன்லைன்ல. ஆனா சடங்கு மாறல. தாத்தா பாட்டி, ஃபிரெண்ட்ஸ், சர்ச் ஆளுங்க எல்லாம் ஹால்ல கூடி, சுவத்துல உலக மேப் மாட்டி ஆளாளுக்கு ஒரு பின்னைக் குத்தி பந்தயம் மாதிரி ஊகிப்பாங்க, வெளியூர் மாமா வீடியோ கால்ல இருப்பாரு, பையன் சத்தமா படிப்பான். பிரேசில்னு வந்தா ஓன்னு கத்துவாங்க, பக்கத்து மாநிலம்னு வந்தாலும் கத்துவாங்க, ஆனா அந்த கத்தல் ஒரு செகண்ட் லேட்டா வரும். பையன் மூஞ்சியை யாரும் வீடியோவுல க்ளோசப்ல எடுக்காம இருந்தா நல்லது.

செலவு அவங்களோடதுதான். அமெரிக்கப் பசங்களுக்கு 2020-லேந்து மாசம் 500 டாலர், எந்த நாட்டுக்குப் போனாலும் அதே தொகை, எல்லாத்தையும் ஒரே பொதுக் கணக்குல போட்டு பங்கிடுவாங்க. முடியாதவங்களுக்கு சபை நிதியிலேந்து உதவி கிடைக்கும். ஆம்பளைப் பசங்களுக்கு 24 மாசம், பொண்ணுங்களுக்கு 18.

கேள்வி: போன இடத்துல நாள் முழுக்க என்னதான் பண்ணுவாங்க? போரடிக்காதா?

போரடிக்கும், அதை அவங்களே ஒத்துப்பாங்க. யூட்டாவுல பிரோவோன்னு ஒரு ஊர்ல பெரிய பயிற்சி மையம் இருக்கு, 50-க்கு மேல மொழி சொல்லித் தர்றாங்க. சில வாரம்தான் டிரெய்னிங், அப்புறம் அரைகுறை மொழியோட தெருவுல இறக்கி விட்டுடுவாங்க, மொழி வர்றதே அந்தத் தெருவுலதான்.

காலைல ஆறரைக்கு எழுந்திரிக்கணும், ராத்திரி பத்தரைக்கு லைட் ஆஃப். நடுவுல உடற்பயிற்சி, வேதப் படிப்பு, தட்டுற கதவு, போடுற மெசேஜ், வரேன்னு சொல்லிட்டு வராத ஆள். சினிமா கிடையாது, டேட்டிங் கிடையாது. ஆனா எல்லாத்தையும் விட கஷ்டமானதுன்னு எனக்குத் தோணுறது கம்பானியன் விஷயம்தான். தனியா எங்கயும் போகக் கூடாது, பாத்ரூம் தவிர எப்பவும் ஜோடியாத்தான். அந்த ஜோடியை நீங்க தேர்ந்தெடுக்கவும் முடியாது. அவன் சாப்பிடுறப்ப சத்தம் போடுவான், இவன் குளிக்க ஒரு மணி நேரம் எடுப்பான், மொதல் நாள் சிரிச்சுப்பாங்க, மூணாவது வாரத்துல ஒருத்தன் மூச்சு விடுறதே இன்னொருத்தனுக்கு எரிச்சலா இருக்கும், கோவிச்சுட்டு எழுந்து வெளிய போகலாம்னா அவனையும் கூட்டிட்டுத்தான் போகணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும், அப்ப ஜோடி மாறலாம், மாறாமலும் போகலாம். மிஷன்ல என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா கல்யாண வாழ்க்கைக்கு டிரெய்னிங்னு நிறைய பேர் சொல்றது சும்மா இல்ல.

முன்னல்லாம் வீட்டுக்கு ஃபோன் பண்றது வருஷத்துக்கு ரெண்டே தடவைதான், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். 2019 பிப்ரவரியிலதான் வாரா வாரம் பேசலாம்னு தளர்த்துனாங்க. அந்த அம்மாக்களை நினைச்சுப் பாருங்க.

கேள்வி: பொண்ணுங்களும் போறாங்களா?

போறாங்க, அதுவும் கட்டாயமில்லாமலே போறாங்க, அதனாலதான் அவங்க காரணங்களை நான் கொஞ்சம் கூடுதலா நம்புறேன். 2012 அக்டோபர்ல தலைவர் தாமஸ் மான்சன் வயசு வரம்பைக் குறைச்சாரு, பசங்களுக்கு 19-லேந்து 18, பொண்ணுங்களுக்கு 21-லேந்து 19. அதுவரைக்கும் வாரத்துக்கு 700 மாதிரி வந்துட்டிருந்த விண்ணப்பம் அந்த அறிவிப்புக்கு அப்புறம் 4,000-ஐத் தொட்டுச்சு, அதுல பாதிக்கு மேல பொண்ணுங்க. 21 வயசுக்குள்ள பலருக்கு கல்யாணமோ படிப்போ குறுக்க வந்துடும், 19-ல வராது, அவ்வளவுதான் விஷயம். ஆசை முன்னாடியே இருந்துருக்கு, கதவுதான் லேட்டா திறந்துச்சு. ஆனா ஒண்ணு, ஆசாரியத்துவம் (சடங்கு நடத்துற அதிகாரம்) ஆம்பளைங்களுக்கு மட்டும்தான், அதனால மாசக்கணக்கா ஒருத்தருக்கு சொல்லிக் கொடுத்தது இந்தப் பொண்ணாவே இருந்தாலும் ஞானஸ்நானம் கொடுக்க ஒரு பையனைத்தான் கூப்பிடணும். இதைப் பத்தி அங்கயே முணுமுணுப்பு இருக்கு.

கேள்வி: வியட்நாம் யுத்தத்துக்குப் போகாம தப்பிக்கத்தான் அந்தக் காலத்துல மிஷன் போனாங்களாமே?

சில பேருக்கு அதுவும் சௌகரியமா இருந்துருக்கலாம். மத ஊழியர்னு சொல்லி விலக்கு கிடைச்சது நெஜம், 1966-லேந்து 68 வரைக்கும் பிரான்ஸ்ல மிஷனரியா இருந்த, பின்னால அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல நின்ன மிட் ராம்னிக்கும் கிடைச்சது. ஆனா இஷ்டத்துக்கு அனுப்ப முடியல, ஒரு வார்டுலேந்து (உள்ளூர் சபையிலேந்து) இத்தனை பேர்தான்னு அப்ப கட்டுப்பாடு இருந்துச்சு, நிறைய மார்மன் பசங்க ராணுவத்துக்கும் போனாங்க.

கேள்வி: இவ்வளவு அலைஞ்சு எத்தனை பேரை மதம் மாத்துறாங்க? யாருக்கு என்ன லாபம்?

2024 கணக்குப்படி 74,000 சொச்சம் மிஷனரிங்க, புதுசா ஞானஸ்நானம் எடுத்தவங்க 3,08,000 சொச்சம். ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் நாலு. அதுவும் சராசரிதான், ஆப்பிரிக்காவுல கூட்டமா வருவாங்க, ஐரோப்பாவுல ரெண்டு வருஷமும் ஒருத்தர்கூட கிடைக்காம திரும்புறவங்க உண்டு. வியாபாரக் கணக்குல பாத்தா இது என்னிக்கோ இழுத்து மூட வேண்டிய கடை.

ஆனா இது ஆரம்பத்துலேந்தே இப்படித்தான். 1830-ல ஜோசப் ஸ்மித்தோட தம்பி சாமுவேல் மூட்டை நிறைய அவங்க வேதநூலான மார்மன் புத்தகத்தோட நடந்து போனாரு, மொதல் நாளே வீட்டுக்கு வீடு விரட்டினாங்க. அந்தப் பயணங்கள்ல அவர் விட்டுட்டு வந்த புத்தகம் கைமாறி பிரிகாம் யங் குடும்பத்துக்குப் போச்சு, 1847-ல ஜனங்களை யூட்டாவுக்குக் கூட்டிட்டுப் போனது அதே பிரிகாம் யங்தான். அவரும் சக அப்போஸ்தலர் ஹீபர் கிம்பலும் 1839-ல இங்கிலாந்துக்குக் கிளம்பினப்ப ரெண்டு பேருக்கும் மலேரியாக் காய்ச்சல், நிக்கக்கூட தெம்பில்லாம வண்டியில படுத்திருக்காங்க, வீட்ல பொண்டாட்டி பிள்ளைங்களுக்கும் காய்ச்சல். இப்படியே விட்டுட்டுப் போக மனசு வராம, கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, தட்டுத் தடுமாறி எழுந்து நின்னு தொப்பியை ஆட்டி ஹுர்ரேன்னு கத்தியிருக்காங்க. இந்தக் கதையைச் சொல்லாத மார்மன் வீடு இருக்காது. எனக்கு இதைப் படிச்சப்ப வீரமா தெரியல, உள்ள படுத்திருந்த பொண்டாட்டி என்ன நினைச்சிருப்பாங்கன்னுதான் தோணுச்சு. (அவங்களும் வாசல் வரைக்கும் வந்து கையாட்டினதா கதை சொல்லுது.)

லாபம்னு கேட்டா, சபைக்குக் கிடைக்குற பெரிய லாபம் புது ஆளுங்க இல்ல, போயிட்டு வந்த இந்தப் பசங்கதான். ரெண்டு வருஷம் நாள் பூரா ஒரு விஷயத்தை அடுத்தவங்களுக்கு எடுத்துச் சொன்னவன், கேலியைத் தாங்கினவன், அதை லேசுல விட மாட்டான். சம்பளப் பாதிரிகளே இல்லாத உள்ளூர் சபைங்களை நாளைக்கு நடத்தப் போறதும் இவங்கதான். பசங்களுக்கும் கிடைக்குது, மொழி, கூச்சம் போறது, பணத்தை எண்ணி செலவழிக்குறது. தைவான்ல மிஷன் பண்ணின ஜான் ஹன்ட்ஸ்மன் அங்க கத்துக்கிட்ட சீன மொழியோட பின்னால யூட்டா கவர்னராகி, 2009-ல சீனாவுக்கே அமெரிக்கத் தூதரா போனாரு.

கேள்வி: பாதியில திரும்பி வந்துட்டா?

இதுதான் இந்த ஏற்பாட்டுல எனக்கு உறுத்துற இடம். போறப்ப ஊரே கூடி வழியனுப்பும், முடிச்சு வர்றப்ப ஏர்போர்ட்ல பேனர், பலூன், அம்மா ஓடி வந்து கட்டிப்பாங்க. எட்டு மாசத்துல மன அழுத்தம்னு திரும்பி வர்ற பையனுக்கு பேனர் கிடையாது. யாரும் திட்ட மாட்டாங்க, ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்ல சீக்கிரம் வந்துட்டியேன்னு ஒருத்தர் கேப்பாரு பாருங்க, அது போதும். பல பேர் அதோட சபைப் பக்கமே போறதில்ல. உடம்போ மனசோ ஒத்துழைக்காதவங்க வீட்லேந்தே செய்யுற சேவை மிஷன் இப்ப இருக்கு, அதுவும் முழு மிஷன்தான்னு சபையே சொல்லுது. ஆனா சபை சொல்றது வேற, அடுத்த பெஞ்சுல உக்காந்திருக்குற மாமி நினைக்குறது வேற.

கேள்வி: அவங்க வந்து கதவைத் தட்டினா என்ன சொல்றது? பாவமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு.

பயப்பட ஒண்ணும் இல்ல. இஷ்டமில்லன்னா வேணாம் தம்பின்னு நேரா சொல்லிடுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்னு ஒப்புக்கு சொல்லாதீங்க, நம்பி வந்து நிப்பாங்க. காபி, டீ குடிக்க மாட்டாங்க, தண்ணி கொடுத்தா சந்தோஷமா குடிப்பாங்க. பேச ஆசைன்னா மதத்தை விட்டுட்டு எந்த ஊரு, வீட்ல யார் யார்னு கேட்டுப் பாருங்க, மூஞ்சி மலந்துடும். வீட்ல நீங்க பொம்பளை ஒருத்தர் மட்டும்தான்னா பசங்க உள்ள வர மாட்டாங்க, அவங்களுக்கு அது ரூல், கோவிச்சுக்காதீங்க, வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவாங்க.