"நேத்து நாலு, இன்னைக்கு அஞ்சு!" குழந்தை மனநல ஆலோசகரிடம் பெற்றோர் கேள்விகள்

கேள்வி: பிறந்தநாளன்று எழுந்ததுமே என் பையன் கதவுத் தாழ்ப்பாளை எட்டித் தொடப் பார்த்தான். எட்டவில்லை. "எனக்கு இன்னும் நாலுதான்" என்று ஒரே அழுகை. எப்படித் தேற்றுவது?

பதில்: சின்னப் பிள்ளைகளுக்கு உயரம்தான் வயது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே 1946இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். படுக்கும்போது நாலு, விடிந்தால் அஞ்சு என்றால், உடம்பும் ராத்திரியோடு ராத்திரியாக நீண்டிருக்க வேண்டாமா? அவன் கேட்பது நியாயம்தானே! "வளர்ந்துட்டியே கண்ணா" என்று சமாளிக்காதீர்கள், கை எட்டாததை அவனே பார்த்துவிட்டான். போன பிறந்தநாள் சட்டை இருந்தால் மாட்டிவிடுங்கள். மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறி நிற்கும் சட்டைக் கையைப் பார்த்தாலே பாதி அழுகை நின்றுவிடும். பிறகு சுவரில் ஒரு பென்சில் கோடு. இந்த வயதில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6 செ.மீ. வளர்வார்கள், அதனால் அடுத்த கோடு மூன்று மாதம் கழித்துத்தான். வாராவாரம் அளந்தால் மறுபடியும் அழுகை.

கேள்வி: காய்ச்சலால் மகளின் பார்ட்டியைத் தள்ளிவைத்தோம். யார் கேட்டாலும் "மூணு. பார்ட்டி வந்தாதான் நாலு" என்கிறாள்.

பதில்: அவள் மட்டுமா! டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக்குலின் வூலி குழுவினர் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பார்ட்டி நடக்காவிட்டால் வயது ஏறாது என்று சொன்ன குட்டிகள் உண்டு. இரண்டு பார்ட்டி நடந்தால் இரண்டு வயது கூடும் என்றவர்களும் உண்டு. மெழுகுவர்த்தியை ஊதவைத்து "இப்ப உனக்கு நாலு!" என்று கை தட்டுவது நாம்தானே. "வயசு அன்னைக்கே வந்தாச்சு, பார்ட்டிதான் லேட்டு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: "அஞ்சு வயசானா விரல் சூப்ப மாட்டேன்" என்று மகளே சொன்னாள். நாளை அஞ்சு. ஞாபகப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அவள் மனசாரத்தான் சொன்னாள், ஆனால் தூக்கக் கலக்கத்தில் விரல் தானாக வாய்க்குப் போகும். "பெரிய பொண்ணாயிட்டே, இன்னுமா?" என்ற வசனத்துக்கு எல்லா வீட்டிலும் தடை போட எனக்கு ஆசை. வயது கூடினால் திட்டும் கூடும் என்றுதான் அவளுக்குப் புரியும். பதிலாக ஒரு உரிமை கொடுங்கள்: செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு, அல்லது ராத்திரி பத்து நிமிஷம் கூடுதலாக விழித்திருக்கலாம் என்பது. அஞ்சு ஆனதில் ஏதோ ஒன்று நிஜமாகவே மாறியிருக்கும். நிரந்தரப் பல் முளைக்கும் சமயத்திலும் பழக்கம் நிற்கவில்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: "அடுத்த பிறந்தநாளுக்கு நான் அக்காவைவிடப் பெரியவன்" என்கிறான் சின்னவன். வீட்டில் தினமும் சண்டை.

பதில்: அக்காவுக்கும் வயது ஏறும் என்பது அவன் கணக்கில் இன்னும் வரவில்லை. தானாக வரும். பெரியவளை மட்டும் சமாதானப்படுத்துங்கள்.

கேள்வி: "எனக்கு ஆறு வேணாம். நான் பெரியவனானா நீ பாட்டியாகிச் செத்துடுவே" என்று அழுகிறான்.

பதில்: இதற்குச் சிரித்துவிடாதீர்கள். அவனைப் பொறுத்தவரை அந்த நாள் ஆறாவது பிறந்தநாளுக்கு மறுநாளே வந்துவிடும். "உனக்கு ஆறு ஆன மறுநாளும் நான்தான் உன்னை எழுப்புவேன், நான்தான் தலை வாரிவிடுவேன்" என்று, அவன் தினமும் பார்க்கிற காரியங்களாகச் சொல்லுங்கள். "சாகவே மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். "நீ ரொம்ப ரொம்பப் பெரியவனாகிற வரைக்கும் இருப்பேன்னுதான் நினைக்கிறேன்" என்பதே போதும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, உங்களை விட்டு நகரவே மறுத்தாலோ குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.