ஃபெலோஷிப்பா, நேரே வேலையா?

வணக்கம் தங்கச்சி. நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித்தரும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கான தேர்வு தேறிவிட்டீர்கள், படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி தொடங்கப்போகிறது, வழக்கமான மருத்துவத்தோடு மூலிகை, அக்குபங்சர் போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த சிகிச்சையில் ஃபெலோஷிப் என்ற கூடுதல் பயிற்சியில் சேர்வதா, நேரே வேலைக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் லைசென்ஸுக்கு ஃபெலோஷிப் கட்டாயமில்லை. ஆனாலும் சேருங்கள் என்பேன், எதில் சேர்கிறோம் என்று பார்த்து.

அந்தப் பெயரில் இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, சம்பளத்தோடு கூடிய பயிற்சி. 2007-இல் கனெக்டிகட்டில் ஒரு சமூக சுகாதார மையம் தொடங்கிவைத்த வழி. பெரும்பாலும் 12 மாதம். சம்பளம் குறைவுதான். ஆனால் நோயாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருவார்கள், சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்திலேயே ப்ரிசெப்டர், அதாவது மேற்பார்வை பார்க்கும் அனுபவசாலி, இருப்பார். இன்னொன்று, அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வீல் மையம் நடத்துவதுபோல், வேலை பார்த்துக்கொண்டே பெரும்பாலும் ஆன்லைனில் படிப்பது. பணம் நாம்தான் கட்ட வேண்டும். நல்ல படிப்பு, நாலைந்து வருஷம் கழித்துப் படிக்கலாம். இப்போது உங்களுக்குத் தேவை முதல் வகைதான்.

ஏன் என்றால், இந்தத் துறையில் கஷ்டமான வேலை நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். அது வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும், ரத்தம் உறையும் ஆபத்து. "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் இல்லை என்பார், அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. "மூலிகை, வைட்டமின், டீ, பொடி ஏதாவது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கவும், முகம் சுளிக்காமல் பதிலைக் கேட்டுக்கொள்ளவும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தினால்தான் வரும்.

ஒரு எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சர் செய்ய 2020 முதல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு (பெரும்பாலும் முதியோருக்கானது) பணம் தருகிறது. ஆனால் அதை நாமே செய்ய அக்குபங்சரில் தனிப் பட்டமும் மாநில லைசென்ஸும் வேண்டும். ஃபெலோஷிப் சான்றிதழ் போதாது.

அப்புறம் விசா. உங்கள் ஓ.பி.டி.யும் 12 மாதம், பயிற்சியும் 12 மாதம். முடியும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கக் கூடாது. ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்வார்களா என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள், தயக்கமே வேண்டாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த, லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் பெரும்பாலும் அந்த விசாவுக்கான குலுக்கல், லாட்டரித் தொல்லை இருக்காது. அங்கேயே முதலில் விண்ணப்பியுங்கள். முடித்தபின் அதே இடத்தில் எத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும், நடுவில் விலகினால் பணம் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.