சிங்கப்பூரில் 'ஃப்ரீ டே': கையில் எவ்வளவு வேண்டும், எதற்குக் கொடுக்கலாம்?

கேள்வி: எனக்கு 63 வயது, புதுக்கோட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு 68, ஓய்வூதியம் வருகிறது. மே மாதம் ஒரு குழுவோடு சிங்கப்பூர், மலேசியா போகிறோம். 7 நாள், இரண்டு பேருக்கும் 2,40,000 ரூபாய். 2026 ஜனவரியிலேயே கட்டிவிட்டோம். அதற்கு மேல் டி.சி.எஸ். என்று 12,000 வாங்கினார்கள். சிங்கப்பூரில் ஒன்றரை நாள், கோலாலம்பூரில் அரை நாள் 'ஃப்ரீ டே', அதாவது குழுவோடு எங்கும் போகாமல் நம் இஷ்டத்துக்கு விடும் நேரம், என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு இருவருக்கும் 19,000, நைட் சஃபாரிக்கு 14,000 தனியாகக் கட்டினால் கூட்டிப் போவார்களாம். கணவர் மூட்டு வலிக்காரர். 'ரூமிலேயே படுத்துக்கொள்ளலாம்' என்கிறார். மகனோ, 'ஒரு நாளுக்கு 34,000 ரூபாய் விழுகிறது, வீணாக்கப் போகிறீர்களா?' என்கிறான். கைச்செலவுக்கு, 2024 ஜூனில் தபால் நிலையத்தில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்ட 15 லட்சத்திலிருந்து 50,000 எடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், பணம் கரையும் இடம் அதுதான். சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 50,000 மட்டும் என்று பிய்த்து எடுக்க முடியாது, கணக்கையே முடிக்க வேண்டும். நீங்கள் போட்டு இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்குள் முடித்தால் போட்ட பணத்தில் 1.5% பிடிப்பார்கள். 15 லட்சத்துக்கு அது 22,500 ரூபாய். 50,000 எடுக்க 22,500 தண்டம் அழுவது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கணக்கே உங்களுக்குப் பணம் கொடுக்கப்போகிறது. 8.2% வட்டியில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். ஏப்ரல் முதல் தேதி ஒரு தவணை விழும், நீங்கள் கிளம்புவது மே. அந்தத் தவணையை மட்டும் வீட்டுச் செலவுக்குத் தொடாமல் வையுங்கள். உங்கள் ஃப்ரீ டே முழுக்க அதற்குள் அடங்கும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் மகன் சொன்ன 34,000. வகுத்துப் பார்த்தால் கணக்கு சரிதான், ஆனால் முடிவெடுக்க உதவாத கணக்கு. அந்தப் பணம் ஜனவரியிலேயே போய்விட்டது. நீங்கள் பகல் முழுக்க ஊர் சுற்றினாலும், அறையில் படுத்திருந்தாலும் அது திரும்பி வராது. 'இவ்வளவு கொடுத்தாயிற்றே' என்று நினைத்துத்தான் பலர் இன்னொரு 19,000-ஐ எடுத்து நீட்டுகிறார்கள். ஃப்ரீ டே அன்று பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இனிமேல் கொடுக்கப் போகும் ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? மதியம் இரண்டு மணி நேரம் கணவர் காலை நீட்டிப் படுப்பது வீண் செலவில்லை, அதற்குப் பைசாவும் ஆகாது.

அடுத்து, அந்த இரண்டு தனிப் பயணங்கள். இவற்றை விற்பதில் டூர்காரர்களுக்கு லாபம் உண்டு. அது அவர்கள் தொழில், தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, அந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் டிக்கெட் விலையைப் பார்த்து, இரண்டால் பெருக்கி, ரூபாயாக மாற்றுவது. டூர்காரர் கேட்கும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் பஸ்ஸுக்கும் கூடவே ஆள் வருவதற்கும் நீங்கள் கொடுக்கும் கூலி. அந்தக் கூலி சில இடத்துக்குத் தகும், சில இடத்துக்குத் தகாது.

நைட் சஃபாரிக்குத் தகும் என்பது என் எண்ணம். அது மண்டாயில், நகரத்தை விட்டு வடக்கே தள்ளி இருக்கிறது. மாலை ஏழேகாலுக்குத்தான் திறக்கிறார்கள். டிராமில் உட்கார்ந்தபடி மிருகங்களைப் பார்க்கலாம், மூட்டு வலிக்கு ஒத்துவரும். திரும்பும்போது ராத்திரி பத்து, பதினொன்று ஆகிவிடும். நள்ளிரவைத் தாண்டினால் டாக்சி மீட்டரில் பாதிக்குப் பாதி கூடுதல் கட்டணம் வேறு ஏறும். வாசலில் பஸ் நிற்பதற்கு நாலைந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் எனக்கு உறுத்தாது.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வேண்டாம். நல்ல இடம்தான், ஆனால் அதன் டிக்கெட் விலையில் பெரும்பகுதி தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர்களுக்கு. அதில் ஏறாத இருவர் 19,000 கொடுத்துவிட்டு வெயிலில் பெஞ்சு தேடுவானேன்? அந்தத் தீவை மட்டும் பார்க்க ஆசையென்றால் ஹார்பர்ஃப்ரண்ட் ஸ்டேஷனிலிருந்து செந்தோசாவுக்குக் குட்டி ரயில் இருக்கிறது. ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். (அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.)

ஒன்று எதிர்பார்த்துப் போங்கள். பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, 'எல்லோரும் வருகிறார்கள், நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பாக்கி' என்பார்கள். பக்கத்து சீட்டு அக்கா வேறு, 'வாங்க, தனியா என்ன பண்ணப் போறீங்க' என்று கையைப் பிடிப்பார். பெரும்பாலான பணம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் போகிறது. அதனால் எதற்குப் போவது, எதற்குப் போகாதது என்பதைப் புதுக்கோட்டையிலேயே முடிவு செய்து டூர் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள்.

சரி, முழு ஃப்ரீ டே அன்று என்ன செய்வது? சிங்கப்பூரில் நல்லவை பலவும் இலவசம். காலையில் பொட்டானிக் கார்டன். 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நுழையக் காசில்லை, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். அப்புறம் எம்.ஆர்.டி. ரயிலில் லிட்டில் இந்தியா. ஸ்டேஷன் பலகையில் தமிழ் இருக்கும், லிஃப்ட் இருக்கும், வழி கேட்டால் தமிழில் பதில் வரும். தேக்கா சென்டரில் ஆளுக்கு ஏழெட்டு வெள்ளிக்குள் வயிறாரச் சாப்பிடலாம். சைவம்தான் வேண்டும் என்றால் சிராங்கூன் ரோட்டில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ். பக்கத்திலேயே வீரமாகாளியம்மன் கோயில். மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு. மாலை கார்டன்ஸ் பை த பே, வெளித்தோட்டம் இலவசம். அங்கே மரம் மாதிரி நிற்கும் ராட்சத இரும்புக் கோபுரங்களுக்குக் கீழே 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி ஒலிக் காட்சி. 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு மெள்ள நடந்தால் மெரினா பே சாண்ட்ஸ் ஓட்டல் முன்னால் 9 மணி நீர்க்காட்சிக்கு நேரம் சரியாக இருக்கும், அதற்கும் காசில்லை. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் நிரப்பி எடுத்துப் போங்கள்.

கோலாலம்பூர் அரை நாளுக்கு இரட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள பூங்காவும் ஒரு வாடகை காரும் போதும்.

இப்போது கணக்கு. ஒரு வெள்ளி சுமார் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாடு, டீ, ரயில் எல்லாம் இருவருக்கும் நாளொன்றுக்கு 50 வெள்ளி, அதாவது 3,500 ரூபாய். இரண்டு நாளுக்கு 7,000. கால் வலித்தால் டாக்சிக்கும் சில்லறைக்கும் 3,000. நைட் சஃபாரி 14,000. மொத்தம் 24,000. வட்டித் தவணையில் மிச்சம் 6,750, பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க.

எப்படி எடுத்துப் போவது? 200 வெள்ளி ரொக்கமாக, விமான நிலையத்தில் இல்லாமல் ஊரிலேயே உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்தில் வாங்குங்கள். பான் கார்டு கேட்பார்கள். மீதிக்கு உங்கள் வங்கிக் கார்டே போதும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை 'ஆன்' செய்ய மறக்காதீர்கள். பல கார்டுகளில் 3.5% கூடுதல் கட்டணமும் அதன் மேல் 18% ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள், ஆக 4.13%. பத்தாயிரம் ரூபாய் தேய்த்தால் 413 ரூபாய். இந்தச் சின்னச் செலவுக்காகத் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றிக்கொள்ளும் தனி ஃபாரெக்ஸ் கார்டு வாங்கி, மிச்சப் பணத்தைத் திரும்ப எடுக்க அலைய வேண்டியதில்லை. எம்.ஆர்.டி.யில் கார்டைத் தட்டியே உள்ளே போகலாம். ஆனால் ஒரே கார்டை இருவருக்கும் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

கடைகளில் ஒரு பொறி இருக்கிறது, நானே மாட்டியிருக்கிறேன். கார்டு மெஷினில் இரண்டு வரி வந்தது: மேலே ரூபாயில் ஒரு தொகை, கீழே வெள்ளியில் ஒரு தொகை. நம்ம ரூபாயே நல்லது என்று மேலே அமுக்கினேன். அந்த மெஷின்காரர் போட்ட மாற்று விகிதம் படுமோசம். ஊருக்கு வந்து ஸ்டேட்மென்ட் பார்த்துத்தான் உறைத்தது. நீங்கள் எப்போதும் வெள்ளியையே அமுக்குங்கள்.

பொருள் வாங்குவதில் இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் 9% ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறலாம் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் சாங்கி மாதிரி விமான நிலையம் வழியாகவோ கப்பலிலோ வெளியேறுபவர்களுக்குத்தான். குழுக்கள் பலவும் சிங்கப்பூரை முதலில் முடித்துவிட்டு ஜோகூர் வழியாகப் பஸ்ஸில் மலேசியா போய், கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறும். உங்கள் திட்டமும் அப்படியென்றால் அந்த 9% கிடைக்காது. அதை நம்பி விலையைக் கணக்குப் போடாதீர்கள். தங்கம் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுங்கத்தில் நகைக்குள்ள சலுகை வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான், ஒரு வாரம் போய் வருபவர்களுக்கு இல்லை.

பயணக் காப்பீட்டின் நகலை டூர்காரரிடம் இப்போதே வாங்கிப் பாருங்கள். பொதுவாக அது தேதிக் கணக்கில் இருக்கும், நீங்கள் தனியாகச் சுற்றும் நாளும் அதில் சேர்த்திதான். கணவரின் வயதும், ஏற்கெனவே உள்ள நோய்களும் அதில் அடங்குமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி பில் நம் பட்ஜெட்டுக்குள் வராது.

அந்த 12,000 ரூபாய் டி.சி.எஸ். செலவில்லை, முன்கூட்டி வாங்கி வைத்திருக்கும் வரி. யாருடைய பான் எண்ணில் கட்டினீர்களோ அவருடைய 26ஏ.எஸ். படிவத்தில் (அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியல்) வந்திருக்கிறதா பாருங்கள். ஜனவரியில் கட்டியதால் அது 2025-26 நிதியாண்டுக் கணக்கு. ஜூலை 31-க்குள் அவர் பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். அவருக்கு வரி எதுவும் வராவிட்டால் 12,000-மும் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். கிட்டத்தட்ட நைட் சஃபாரி காசு.

கிளம்பும் முன் டூர் மேனேஜரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஃப்ரீ டே அன்று இரவுச் சாப்பாடு பேக்கேஜில் உண்டா, எந்த ஓட்டலில், எத்தனை மணிக்கு? பஸ் மற்றவர்களோடு போய்விட்டாலும் நீங்கள் ரயில் பிடித்து நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். நீங்கள் தங்கும் ஓட்டல் பெயரையும் பக்கத்து எம்.ஆர்.டி. ஸ்டேஷன் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கணவர் சட்டைப் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு இருக்கும்.