சுதேசி இயக்கம் பற்றிய இளங்கலை ஆய்வேடு: தலைப்பு திரும்பி வந்தால்

"தமிழகத்தில் சுதேசி இயக்கம்" என்ற தலைப்பை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டாரா? அதை விட்டுவிட்டு, 1908இல் தூத்துக்குடி கோரல் மில் என்ற நூற்பாலையில் நடந்த வேலைநிறுத்தத்தை மட்டும் எடுங்கள்.

அவர் திருப்பி அனுப்பியதற்கு உங்கள் எழுத்து காரணமாக இருக்காது. முன்மொழிவில் இயக்கம் இருக்கிறது, கேள்வி இல்லை. "தொழிலாளரைத் திரட்டியது கூலிக் குறையா, வ.உ.சி.யின் பேச்சா?" என்பதுபோல் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் தேட ஒரு மூல ஆவணத்தையாவது இப்போதே சொல்ல முடிந்தால், தலைப்பு சரி.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த ஆண்டின் சுதேசப் பத்திரிகை அறிக்கைகளில் (Native Newspaper Reports) தொடங்கலாம். அனுமதிக்குக் கல்லூரிக் கடிதத்தை முன்பே வாங்கி வையுங்கள்.

ஒன்று கவனம்: அவை அரசு தன் கண்காணிப்புக்காகத் தொகுத்த ஆங்கிலச் சுருக்கங்கள். பத்திரிகையின் குரல் அப்படியே இருக்காது. மேற்கோள் காட்டும் முன், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் மூலத் தமிழ் இதழ் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.