மருந்து மேசை: 'ஹார்மோன் இல்லை, பெப்டைடுதான்' என்றால் பயமில்லையா?

கே: பாறசாலையில் ஜிம்முக்குப் போகிறேன். ட்ரெயினர் 'ஐபமோரெலின்' 5 மி.கி. குப்பி ஒன்று தந்தார். "இது வளர்ச்சி ஹார்மோன் இல்லை, அதைச் சுரக்கவைக்கிற பெப்டைடுதான், பயமில்லை" என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், களியக்காவிளை

ப: வேண்டாம். அவர் சொன்னதில் முன்பாதி மட்டும் சரி. ஐபமோரெலின், ஐந்தே அமினோ அமிலங்களால் ஆன செயற்கைப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு. பசியைக் கிளப்பும் ஹார்மோனான கிரெலின் போய்ச் சேரும் ஏற்பியிலேயே இதுவும் சேர்ந்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை வெளியே தள்ளும். நோவோ நார்டிஸ்க் மருந்துக் கம்பெனி உருவாக்கியது. ஆய்வுக் கட்டுரை 1998-ல் வந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அவ்வளவாக ஏற்றாது என்பதுதான் இதற்குக் கிடைத்த பெயர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குடல் அசையாமல் கிடப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. மருந்தாக அமெரிக்காவிலும் அனுமதி இல்லை, இங்கேயும் இல்லை.

ஹார்மோன் ஊசியில் வந்தாலும் சொந்தச் சுரப்பியிலிருந்து வந்தாலும், கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சித் தூண்டியைச் சுரக்கத்தான் செய்யும். ரத்தச் சர்க்கரை ஏறலாம். உடம்பில் நீர் கோத்து மோதிரம் இறுகும், மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். புற்றுநோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

ஜிம்களில் அதிகம் நடக்கும் தப்பு சிரிஞ்சில். 5 மி.கி. பொடியில் 2 மி.லி. நீர் விட்டால் 1 மி.லி.யில் 2,500 மைக்ரோகிராம். ஆரஞ்சு மூடி யு-100 சிரிஞ்சில் (1 மி.லி.க்கு 100 யூனிட் கோடு) 1 யூனிட் என்பது 25 மைக்ரோகிராம். சர்க்கரை நோயாளிகள் வாங்கும் சிவப்பு மூடி யு-40 சிரிஞ்சில் (1 மி.லி.க்கு 40 கோடு) அதே 1 யூனிட் 62.5. "பத்து யூனிட் ஏத்துப்பா" என்று ஒருவர் சொல்ல, சிவப்பு மூடியை எடுத்தவருக்கு 250-க்குப் பதில் 625 உள்ளே போய்விடும். இந்தக் கணக்கும் லேபிளில் போட்ட 5 மி.கி. நிஜமாக இருந்தால்தான்! 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று விற்கும் குப்பியை யாரும் ஊசி மருந்தாகச் சோதித்து அனுப்புவதில்லை. பாக்டீரியா நச்சு கலந்திருந்தால் குளிர்காய்ச்சல், சுத்தமில்லையென்றால் ஊசி போட்ட இடத்தில் சீழ்.

ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் குப்பியோடு எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான். வெறும்வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ஐ.ஜி.எஃப்.-1 மூன்றையும் பார்க்கச் சொல்வார்.

கே: மகனுக்கு 17 வயது, 5 அடி 2 அங்குலம். இந்த ஊசியால் உயரம் கூடுமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

ப: முதலில் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பாருங்கள் அம்மா. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் மூடியிருந்தால் எந்த ஊசிக்கும் உயரம் கூடாது. ஹார்மோன் நீண்ட நாள் மிகுந்தால் தாடையும் விரல்களும்தான் தடிக்கும். திறந்திருந்தால், வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உண்டா என்று தூண்டல் சோதனை (மருந்து கொடுத்துச் சுரக்கவைத்து அளப்பது) செய்வார்கள். சும்மா ஒரு தடவை ரத்தம் எடுத்து ஹார்மோன் அளவு பார்ப்பது காசுக்குக் கேடு: அது விட்டுவிட்டுச் சுரப்பது, பெரும்பங்கு ஆழ்ந்த தூக்கத்தில். இதே குடும்பத்துக்கு நெருங்கிய செர்மோரெலின் 1997-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது. 2008-ல் கம்பெனியே நிறுத்திவிட்டது. குறைபாடு உறுதியானால் இன்று கொடுப்பது வளர்ச்சி ஹார்மோனையேதான், மருத்துவர் கண்காணிப்பில்.

கே: கபடி ஆடுகிறேன். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ஐபமோரெலின் ஊசியை நிறுத்திவிட்டால் பிரச்சினை இல்லையே?
– வாசகர், செங்கோட்டை

ப: உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் எஸ்-2 பிரிவில் ஐபமோரெலின் பெயர் சொல்லியே இருக்கிறது. போட்டி இல்லாத நாளிலும் தடைதான். நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் அதிகாரிகள் முகாமுக்கே வந்து சிறுநீர் மாதிரி எடுக்கலாம்.